பாராட்டத் தோன்றுகிறது, மறுபடி பார்க்கத் தோன்றவில்லை: எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

மதிப்பெண்கஞ்சன் கேட்கிறார்:

சமீபத்தில் பார்த்த படங்களுக்கு என் கணக்கு இது. எல்லாம் பத்துக்கு.

லப்பர் பந்து (2024): 8. மாமனார் ஆகப்போகிறவருக்கும் மருமகன் ஆகப்போகிறவனுக்கும் கிரிக்கெட் மைதானத்தில் மூளும் வீம்பு. எங்கே போய் முடியும் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மாமனாராக வரும் தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறதே, அதற்குமேல் நான் நடுநிலையாளன் இல்லை.

மகாராஜா (2024): 7. குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று ஒருவர் காவல் நிலையத்தில் போய் நிற்கும் பகுதிக்கு மட்டும் தனியாக 9 கொடுப்பேன். காலத்தைக் கலைத்துப் போட்டு அடுக்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கலைப்பு இல்லாமல் நேராகச் சொல்லியிருந்தால் கதை எவ்வளவு தேறியிருக்கும் என்று ஒரு சந்தேகம். இரண்டு மதிப்பெண் அங்கே போயிற்று.

மெய்யழகன் (2024): 7½. இத்தனை அன்பாகப் பேசுகிறவன் யாரென்றே நினைவு வராமல் அரவிந்த்சாமி சிரித்துச் சமாளிக்கிறாரே, அந்த இடங்களுக்காக. மீதியை இரவு நேரப் பேச்சு தின்றுவிட்டது.

இனிதான் சிக்கல். கொட்டுக்காளி (2024). பின்னணி இசையே கிடையாது. பெண்ணுக்கு ஏதோ பிடித்திருக்கிறது, சாமியாடியிடம் காட்டி ஓட்ட வேண்டும் என்று ஒரு குடும்பமே ஷேர் ஆட்டோவில் கிளம்புகிறது. அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சூரிக்கோ தொண்டை கட்டியிருக்கிறது, ஆனால் கத்துவதை மட்டும் நிறுத்தமாட்டார். கூடவே ஒரு சேவல், காலில் கயிறு. வழியில் ஒரு காளை நகர மறுத்து நிற்கிறது. இத்தனை ஆண்களும் விழித்துக்கொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அதைப் பற்றி யாரும் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஆனால் மறுபடி பார் என்றால் மாட்டேன். லப்பர் பந்தை இப்போது போட்டாலும் உட்காருவேன். இரண்டுக்கும் 8 என்று எழுதினால் பொய்யாகப் படுகிறது. கொட்டுக்காளிக்கு 9 போட்டால் என் பேச்சை நம்பிப் பார்க்கிற நண்பர்கள் என்னைத் திட்டுவார்கள். 6 போட்டால் மனசாட்சி திட்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1: இடைவேளைக்குப்பின்

ஒரே எண்ணில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். படம் எப்படி என்பது ஒன்று, எனக்குப் பிடித்ததா என்பது வேறொன்று. பார்த்த படங்களுக்கு மதிப்பெண் போடும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் நட்சத்திரங்கள் தனி, இதயக்குறி தனி. நாலரை நட்சத்திரம் கொடுத்துவிட்டு இதயத்தைத் தொடாமல் விட்ட படங்கள் எனக்கு ஏராளம். மூன்றே நட்சத்திரமும் ஒரு இதயமும் வாங்கிய படங்களும் உண்டு. அந்த இரண்டாவது பட்டியலைத்தான் நண்பர்களிடம் காட்டுவேன்.

நண்பர்கள் நம்புவதைப் பற்றிச் சொன்னீர்கள். மக்கள் எண்ணைப் பார்க்கிறார்கள், அது எதன் எண் என்று பார்ப்பதில்லை. விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் படம் 9½ மதிப்பெண் தரம் என்று என் அலுவலகத்தில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு விமர்சகர்களில் தொண்ணூற்றைந்து பேர் ‘நன்று’ என்ற பக்கம் நின்றார்கள் என்பதுதான் அதன் பொருள். எல்லாரும் ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று சொன்னாலே சதவீதம் எகிறிவிடும். பாதிப்பேர் கொண்டாடி, மீதிப்பேர் வெறுக்கிற படம் பாவம், ஐம்பதில் கிடக்கும். எனக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஐம்பதில்தான் இருக்கிறது.

பதில் 2: பழையரீல்

மறுபடி பார்ப்பேனா என்பது ஒரு அளவுகோலே அல்ல. ஒரு படம் தான் எடுத்துக்கொண்ட வேலையைச் செய்ததா, இல்லையா? அதற்குத்தான் மதிப்பெண். கொட்டுக்காளி உங்களைச் சங்கடப்படுத்த எடுக்கப்பட்டது. சங்கடப்பட்டீர்கள். 9 போடுங்கள், நண்பர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் 12 ஆங்ரி மென் (1957) படத்தை மறுபடி பார்த்தேன். இயக்குநர் சிட்னி லூமெட்டின் முதல் திரைப்படம். ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூடிய பன்னிரண்டு ஜூரர்கள், ஒரு மேஜை, புழுக்கமான ஓர் அறை, அவ்வளவுதான். இந்த முறை வசனத்தை விட்டுவிட்டு கேமராவை மட்டும் கவனித்தேன். தொடக்கத்தில் அது ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது, அறை விசாலமாகத் தெரிகிறது. போகப்போகக் கண்மட்டத்துக்கு இறங்கி, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுகிறது. லென்ஸையும் நீளமாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். விளைவு, சுவர்கள் ஆட்களை நெருங்கி வருகின்றன, தலைக்கு மேலே கூரை தெரியத் தொடங்குகிறது. யாரும் எதையும் நகர்த்தவில்லை, ஆனால் அறை சுருங்கிவிட்டது. முதல் தடவை பார்த்தபோது ‘ஏன் இப்படி மூச்சு முட்டுகிறது’ என்று மட்டுமே தோன்றியது. 10. யோசிக்கவே இல்லை.

பதில் 3: சும்மாபார்ப்பவள்

பழையரீல் ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் தேர்வறைக்குள் வந்துவிட்டதுபோல இருக்கிறது. நான் வேலை முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து பார்க்கிறவள். லென்ஸ் நீளமா குட்டையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே எனக்கும் அந்தப் படத்தில் மூச்சு முட்டியது, ஆகவே நானும் 10 போடலாம்தானே?

என் அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை முறை கைபேசியை எடுத்தேன்? பெர்ஃபெக்ட் டேஸ் (2023) பார்த்தேன். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை கழுவுகிற ஒருவர். காலையில் எழுகிறார், படுக்கையை மடிக்கிறார், இயந்திரத்தில் காபி வாங்குகிறார், வேனில் கேசட் போடுகிறார். மறுநாளும் அதேதான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் கைபேசி எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை. கடைசியில் அவராக நடிக்கும் கோஜி யாகுஷோ வண்டி ஓட்டிக்கொண்டே, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு வெகுநேரம் போகிறார். கேமரா அவரை விட்டு நகர்வதே இல்லை. அவருக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்களாம், கொடுக்காமல் இருந்தால்தான் அதிசயம். 9.

மெய்யழகனுக்கு 7½ அநியாயம். சைக்கிள் கதை வரும் இடத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். அதுவும் அந்த இரவுப் பேச்சில்தான் வருகிறது, கஞ்சரே.

பதில் 4: மதிப்பெண்கஞ்சன்

சைக்கிளுக்கு நானும் கலங்கினேன். அது இல்லாவிட்டால் 7 என்றுதான் போட்டிருப்பேன்.

பழையரீல் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. சங்கடப்படுத்த நினைத்துச் சங்கடப்படுத்திவிட்டால் போதும் என்றால், சலிப்பூட்ட நினைத்து எடுத்த படத்துக்கும் 10 போட வேண்டியதாகிவிடும். இரட்டைக் கணக்கு யோசனை பிடித்திருக்கிறது. கொட்டுக்காளி: தரம் 9, ஆசை 4. லப்பர் பந்து: தரம் 7½, ஆசை 9. இப்படி எழுதினால் நண்பர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள், என்னைத் திட்டவும் வழியில்லை.

பதில் 5: இடைவேளைக்குப்பின்

மெய்யழகன் சண்டையில் ஒரு சின்னச் சந்தேகம். திரைக்கு வந்த சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டினார்கள். நீங்கள் இருவரும் பார்த்தது ஒரே படம்தானா?

பதில் 6: சும்மாபார்ப்பவள்

நான் முதல் வாரமே பார்த்தேன், வெட்டாத நீளம். வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன்.

பதில் 7: மதிப்பெண்கஞ்சன்

நான் பார்த்தது வெட்டிய பிறகு. அதுவே எனக்கு நீளம்! முழு நீளம் பார்த்திருந்தால் 7 கூட வந்திருக்காது, ஆகவே அந்தக் கத்தரிக்கு அரை மதிப்பெண் தனியாகச் சேர வேண்டும்.

அடுத்தது அனாடமி ஆஃப் எ ஃபால் (2023). இரண்டரை மணி நேரம் என்பதால் விடுமுறை நாளுக்காக வைத்திருக்கிறேன். கணவன் விழுந்தானா தள்ளப்பட்டானா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்த நாயைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள்.