'தந்தை'யை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்

இழையைத் தொடங்கியவர்

எனக்கு ஒன்பது வயதில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மாற்றாந்தாய் என்றால் எல்லாருக்கும் தெரியும், பாதிக் கதைகளில் அவள்தான் கொடுமைக்காரி. மாற்றாந்தந்தை என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'இங்க பாருங்க', 'உங்களைத்தான்' என்றே ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு எப்போதோ 'சித்தப்பா' என்று வாயில் வந்து, அதுவே நிலைத்துவிட்டது.

பேச்சு என்பதே கிடையாது. செபம் உண்டு. விடிவதற்கு முன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பைபிளில் வரும் திருப்பாடல்கள் மொத்தம் 150. நாளுக்கு ஐந்து வீதம் 30 நாளில் முடிந்துவிடும். அதைத் தேதியோடு கோத்து வைத்திருந்தார். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான், எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். என்னைப் பள்ளிக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை என்பதால் இந்தக் கணக்கு எனக்கும் மனப்பாடம். 29-ஆம் தேதி கண்டிப்பாக லேட். அன்றைக்கு 119-ஆம் பாடல், 176 வசனம். பிப்ரவரி 28 இன்னும் மோசம். விட்டுப்போகும் இரண்டு நாள் பங்கையும் சேர்த்துப் பதினைந்து பாடல்களையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வெளியே முட்டி போட்டு நின்றிருக்கிறேன்!

மார்க் அட்டையில் 'தந்தை / பாதுகாவலர் கையொப்பம்' என்று இருக்கும். அவர் ஸ்கேலை எடுத்து, 'தந்தை' மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு தடவையும். பத்தாம் வகுப்பில் பொறுக்க முடியாமல், "நான் உங்களுக்கு அவ்வளவு பாரமா?" என்று கேட்டுவிட்டேன். ஸ்கேலைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாதான் சொன்னாள்: "அது உங்கப்பா இடமாம். அதுல தான் கை வைக்கக் கூடாதாம். வந்த நாள்லயே எங்கிட்ட சொல்லிட்டாரு." என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

31-ஆம் தேதிக்குப் பாட்டு மிஞ்சாது. வருடத்தில் ஏழே நாள். அன்றைக்குப் பெயர்களைச் சொல்லிச் செபிப்பார், வெறும் பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பரீட்சைக்குப் படிக்க எழுந்த ஒரு 31-ஆம் தேதியில்தான் அதைக் கேட்டேன். முதல் பெயர் என் அப்பாவுடையது. அப்பாவை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

இரண்டாமவர்

அந்தக் கோடு எனக்குப் புரிகிறது. என் அம்மாவை மறுமணம் செய்தவரை நான் அத்தா என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் சான்றிதழ் எதிலும் தன் பெயரைப் போட அவர் விடவில்லை. எங்கள் மார்க்கத்தில் வளர்ப்புப் பிள்ளையைப் பெற்றவர் பெயராலேயே அழைக்க வேண்டும், குர்ஆனின் 33-ஆம் அத்தியாயம் 5-ஆம் வசனத்தில் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் அது வலித்தது.

அவரும் பேசாதவர்தான். தொழுது முடித்ததும் இறைத்துதிகளை விரல் கணுக்களில் எண்ணுவார், 33, 33, 34. நான் மடியில் ஏறி அந்த விரலைப் பிடித்து இழுப்பேன். கணக்கு விட்டுப்போகும். என்னைப் பார்ப்பார், சுண்டுவிரலின் அடிக்கணுவுக்குத் திரும்பிப் போய் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள் நாலு தடவை கலைத்தேன். நாலு தடவையும் ஒன்றிலிருந்து.

மூன்றாமவர்

தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் அமைதியான, பக்தியான ஒருவர் இருந்தார். என் தம்பிக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியிலும் கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தார், அம்மா தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேசாதவர் எல்லாரும் தங்கமானவர் என்று இந்த இழை முழுக்க எழுதிவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாமலும் சிலர் பேசாமல் இருப்பார்கள்.

இழையைத் தொடங்கியவர்

மூன்றாமவருக்கு: நியாயம்தான். எங்கள் வீட்டிலும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். வித்தியாசம் என்ன என்று யோசித்தேன். எங்கள் ஆள் செபத்தை விட்டு எழுந்து வருவார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது புத்தகத்தை என் கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு கையில் அது, இன்னொரு கையில் விசிறி. பக்கம் திருப்ப வேண்டியபோது மட்டும் விசிறி நிற்கும்.

அவர் நீளமாகப் பேசிக் கேட்டது ஒரே ஒரு விஷயம், இயேசுவை வளர்த்த சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. தேவதூதர் கனவில் வந்து சொல்வார், இவர் எழுந்து செய்வார், அவ்வளவுதான். திருப்பலியின் நடுவே குருவானவர் சொல்லும் புனிதர் பெயர் வரிசையில் மாதாவுக்கு அடுத்து அவர் பெயரைச் சேர்த்ததே 1962-ல்தான், இருபத்து மூன்றாம் யோவான் பாப்பரசராக இருந்தபோது. இதைச் சொல்லும்போது சித்தப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ சொந்தக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி. "அத்தனை நூற்றாண்டு அவர் பேரைச் சொல்லலைம்மா. அவரும் கேட்கலை" என்றார்.

மிச்சத்தை என் மகள் எழுதுகிறேன் என்கிறாள்.

பேத்தி

அவர் அம்மாவின் சொந்த அப்பா இல்லை என்பதே எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரியும். தெரிந்து பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தாத்தா தாத்தாதானே.

31-ஆம் தேதிகளில் நானும் பக்கத்தில் உட்காருவேன், பாட்டு இல்லாததால் சீக்கிரம் முடியும் என்று. ஐந்து வயதில், "சுண்டு பேரையும் சொல்லுங்க தாத்தா" என்று அடம்பிடித்தேன். சுண்டு எங்கள் பூனை. பூனைக்கெல்லாம் செபம் பண்ணுவார்களா என்று அம்மா சத்தம் போட்டாள். தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. என் பெயருக்கு அடுத்து, அதே குரலில், "சுண்டு" என்றார்.

இரண்டு வருடத்தில் பூனை செத்துப்போய்விட்டது. பட்டியலில் இருந்து அவர் எடுக்கவில்லை. நான் காலேஜ் போன பிறகும், விடுமுறையில் வந்தால், சுண்டு அங்கேயே இருந்தது.

கடைசி 31 ஆஸ்பத்திரியில். பக்கவாதம் வந்து நாக்கு குழறிவிட்டது. இருந்தாலும் விடிகாலையில் உதடு அசைந்தது. அம்மா காதைக் கிட்டே கொண்டுபோனாள். அவளுடைய அப்பாவின் பெயர் பாதி வந்தது. பாட்டி பெயர், அம்மா பெயர், என் பெயர் எல்லாம் வெறும் காற்றாகத்தான் வந்தன. அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்து, நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக, "சுண்டு."

அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.