டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் 9 பேர், கையில் மாதம் 18,000 ரூபாய்: எதற்குச் செலவழிப்பது?

சிறுமலை கேட்டது:

வணக்கம். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் சுற்றுவட்டாரத்தில் டவுன் சிண்ட்ரோம் (கூடுதல் குரோமோசோமால் வரும் பிறவிக் குறைபாடு) உள்ள 9 குழந்தைகளின் குடும்பங்களோடு எங்கள் சிறிய அறக்கட்டளை தொடர்பில் இருக்கிறது. கடைக்குட்டிக்கு 2 மாதம், மூத்தவனுக்கு 9 வயது. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் வீடுகள். நன்கொடை மாதம் 18,000 ரூபாய் தவறாமல் வருகிறது. மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தன்று மண்டபம் பிடித்துப் புத்தாடை, சத்துமாவு, பொம்மை கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். வாரம் ஒருநாள் பிசியோதெரபிஸ்டை வரவழைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். எது உருப்படி? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

வார்டு7:

மண்டபத்தை அப்புறம் பாருங்க. அந்த 2 மாசக் குழந்தைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாச்சா? இந்தக் குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். "ஸ்டெத் வச்சுப் பார்த்தாங்க, சத்தம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க"ன்னு வீட்ல சொன்னா அதோட விட்டுடாதீங்க. இதயத்தோட நடுச்சுவர்ல பெரிய ஓட்டை இருந்தாலும் முதல் சில வாரம் ரெண்டு பக்கமும் அழுத்தம் ஒண்ணாவே இருக்கும். அதனால சத்தம் கேக்காமலே போகலாம். எக்கோ மட்டும்தான் காட்டும்.

பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குது, ரெண்டு வாய் உறிஞ்சிட்டு மூச்சு வாங்குது, எடை ஏறலை, சளி வந்து வந்து போகுது. இதுல எது இருந்தாலும் அந்த வாரமே காட்டணும். அந்த மாதிரி பெரிய ஓட்டைக்குப் பெரும்பாலும் 3லேர்ந்து 6 மாசத்துக்குள்ள அறுவை செய்வாங்க. தள்ளிப்போட்டா நுரையீரல் ரத்தக்குழாய் தடிச்சுப் போயிடும், அதுக்கப்புறம் ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வரலாம். இதுக்கெல்லாம் உங்க பணம் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இதய அறுவை வருது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்னு வி.ஏ.ஓ. கையெழுத்து, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். அட்டை கைக்கு வர்றதுக்குள்ள குழந்தைக்கு நாள் ஓடிடும். உங்க ஆள் ஒருத்தர் கூடவே அலைஞ்சா அதுதான் பெரிய உதவி.

ஒன்பது பேருக்கும்: தைராய்டு ரத்தப் பரிசோதனை பிறந்ததும், 6 மாசத்துல, 12 மாசத்துல, பிறகு வருஷம் ஒருதடவை. காதும் கண்ணும் வருஷா வருஷம். பேச்சு வரலைன்னா "இந்தக் குழந்தைங்க அப்படித்தான்"னு சொல்லிடுவாங்க. பாதி நேரம் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் தேங்கியிருக்கும்.

குறைதீர்நாள்:

தாள் வேலையில் எங்கே சிக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஒரு வயது முடிந்தால்தான் அறிவுசார் குறைபாட்டுச் சான்று. 5 வயதுக்குள் கிடைப்பது தற்காலிகச் சான்று, காலாவதி தேதி இருக்கும். தேதி தாண்டியது தெரியாமல் உதவித்தொகை நின்றுபோன வீடுகள் ஏராளம். 9 பேர் தேதியையும் ஒரே நோட்டில் எழுதி, மூன்று மாதம் முன்பே நினைவுபடுத்துங்கள். ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு மூன்றிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். 5 வயதில் ஆதாருக்குக் கைரேகை புதுப்பிக்க வேண்டும், அதை மறப்பவர்களே அதிகம்.

அடுத்தது சான்றுக்கான மதிப்பீடு. உளவியலாளர் பெற்றோரிடம் கேள்வி கேட்டுத்தான் சமூகத்திறன் மதிப்பெண் போடுவார். "தானா சாப்பிடுவானா?" என்றால் அம்மா பெருமையாக "எல்லாம் அவனே செய்வான் சார்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் சொல்லித்தான் சாப்பிடுகிறான் என்பது விட்டுப்போகும். குறைபாட்டுச் சதவீதம் 40க்குக் கீழே இறங்கினால் உதவி எல்லாம் கைவிட்டுப் போகும். கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. தானே செய்வது எது, சொன்னால் செய்வது எது, கைபிடித்தால் செய்வது எது என்று முந்தின நாளே அம்மாவோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

சான்று கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு, மாதம் 2,000 ரூபாய். கூடவே மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுக்க மாட்டார்கள், தெரபிக்கும் பணம் உண்டு. ஆனால் முதலில் நாம் கட்டிப் பிறகு வாங்க வேண்டும். தெரபி பில்லில் தேதியும் முத்திரையும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நடைவண்டி:

பிசியோவை வாரம் ஒருநாள் வரவழைத்தால் ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் கிடைக்கும். மீதி நேரம் முழுக்க வீட்டில்தான். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரட்டும், வந்து குழந்தைக்குச் செய்வதைவிட அம்மாவுக்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டே பயிற்சி, அதற்கு மேல் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே தெரபி இலவசம். போகாததற்குக் காரணம் பஸ் காசும் ஒருநாள் கூலியும். இலவச விடியல் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். ஆளுக்கு மாதம் இரண்டு நடை, நடைக்கு 600 ரூபாய் என்றால் 10,800. மிச்சத்தில் பிசியோவையும் பரிசோதனைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை, முக்கியமானது மட்டும். தசை தொய்வாக இருப்பதால் கால்கள் தவளை மாதிரி அகன்று கிடக்கும். இழுபடும் துணி டவுசர் ஒன்றை எடுத்து, இரண்டு தொடைப் பகுதியையும் கவட்டிலிருந்து முழங்கால் வரை சேர்த்துத் தைத்துவிடுங்கள். விளையாடும்போது 15, 20 நிமிடம் போட்டால் கால் சேர்ந்து தவழ வரும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். சக்கர வாக்கர் வேண்டாம். நம்மூர் மர நடைவண்டி நல்லது, ஆனால் தானே பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு. வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை குப்புற விழும். கீழ்ச்சட்டத்தில் 2 கிலோ மணல் மூட்டை கட்டுங்கள்.

படுக்கவைத்துச் சங்கில் பால் புகட்டும் வீடு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்திப் பிடித்து, தாடையை ஒரு விரலால் தாங்கி, பாலாடை என்ற மூக்குள்ள சிறு கிண்ணத்தில் சிறிது சிறிதாக.

சிறுமலை:

மிக்க நன்றி. எக்கோ இன்னும் எடுக்கவில்லை, நாளையே கூட்டிப் போகிறோம். இன்னொன்று: மூத்தவன் ஒரு மாதமாகத் தள்ளாடி நடக்கிறான், விட்டுப்போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் திரும்ப வந்திருக்கிறது. பிசியோவிடம் முதலில் இவனைக் காட்டலாமா?

நடைவண்டி:

வேண்டாம், எந்தப் பயிற்சியும் வேண்டாம். இவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தசைநார் தளர்ந்து, எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தக்கூடும். நீங்கள் சொன்ன இரண்டும் அதன் அறிகுறிகள். குட்டிக்கரணம், தோளில் தூக்கிக் குலுக்குவது எல்லாம் இன்றைக்கே நிற்கட்டும். நாளையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவில் காட்டுங்கள். ஓ.பி. சீட்டு போடும்போதே டவுன் சிண்ட்ரோம், கழுத்து எலும்பு சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரே அறையில் கழுத்தை வளைக்கும் முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆட்டோ வேண்டாம், காரில் கழுத்து ஆடாமல் கூட்டிப் போங்கள்.