முயல் புழுக்கையைச் செடிகளுக்கு அப்படியே இடலாமா?

கேள்வி (தொட்டிச்செடி):
வீட்டில் இரண்டு முயல்களை வளர்க்கிறோம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது சேரும் புழுக்கையையும், சிறுநீரில் ஊறிய மரத்தூளையும், அவை தின்னாமல் சிதறவிட்ட உலர்புல்லையும் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. முயல் புழுக்கையை மட்கவைக்காமலேயே செடிகளுக்கு இடலாம் என்கிறார்கள். தக்காளி, பீன்ஸ், பச்சையாகத் தின்னும் கீரைகள் ஆகியவற்றுக்கு அப்படிச் செய்வது சரியா?

பதில் (வேர்முடிச்சு):
புழுக்கையைப் பொறுத்தவரை நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். சத்து மிகுந்த மென்மையான கழிவை முயல் உடனே மீண்டும் தின்றுவிடுவதால், கூண்டில் எஞ்சுவது பெரும்பாலும் நார் நிறைந்த உலர்ந்த உருண்டைகளே. அவற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு தழைச்சத்தும் (நைட்ரஜன்), 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), அதைவிடக் குறைவாகச் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) உள்ளன. இவை மெதுவாக மட்கிச் சத்தை வெளியிடுவதால், புதிய கோழி எச்சத்தைப் போல வேரைக் கருக்குவதில்லை. தொட்டிக்கு ஒரு கைப்பிடி எடுத்து மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும்.

ஊறிய மரத்தூளை மட்டும் அப்படி இட்டுவிடாதீர்கள். சிறுநீரிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறி இளம் வேர்களைப் பொசுக்கும். மரத்தூளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களோ மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். அதை மட்குக் குவியலில் சேர்ப்பதே நல்லது.

பதில் (கீரைப்பாத்தி):
கீரையைக் குறித்து நான் இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். வேரைக் கருக்காத எரு என்பதாலேயே அது உண்பவருக்கும் தீங்கற்றது என்று ஆகிவிடாது. எந்த விலங்கின் கழிவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், மட்காத எருவை இட்டபின், உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிராக இருந்தால் 120 நாட்களும், படாத பயிராக இருந்தால் 90 நாட்களும் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்கின்றன. கீரை அதற்குள் முற்றிவிடும். ஆகவே கீரைக்கு நன்றாக மட்கிய உரத்தையே இடுங்கள். இரண்டு முயல்களின் கழிவை மட்டும் குவித்தால் கிருமிகளை அழிக்குமளவுக்கு, அதாவது 55 டிகிரி செல்சியசுக்கு மேல், சூடேறுவது அரிது; சமையலறைக் கழிவையும் சருகையும் சேர்த்துக் குவியலைப் பெரிதாக்குங்கள்.

தொட்டிச்செடி:
இருவருக்கும் மிக்க நன்றி. சிதறிய உலர்புல்லை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பலாமா?

பதில் (வேர்முடிச்சு):
புல் விளைந்த நிலத்தில் என்ன களைக்கொல்லி தெளித்தார்கள் என்பது தெரியாமல் பரப்ப வேண்டாம். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்றவை புல்லிலேயே தங்கி, முயலின் குடலைக் கடந்து புழுக்கையிலும் வந்துவிடுகின்றன. மட்கவைத்தாலும் எளிதில் சிதைவதில்லை. மிகச் சிறிய அளவே தக்காளியையும் பீன்ஸையும் கெடுத்துவிடும் என்பதால், உங்கள் புழுக்கையையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். சில தொட்டிகளில் புழுக்கை கலந்த மண்ணையும், சிலவற்றில் கலக்காத மண்ணையும் நிரப்பி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதைத்து, இரண்டு மூன்று வாரங்கள் கவனியுங்கள். புழுக்கை கலந்த தொட்டிகளில் மட்டும் துளிர்கள் கிண்ணம்போல் குவிந்தோ தண்டு முறுக்கியோ வளர்ந்தால், அந்த எருவைக் காய்கறிகளுக்கு இடாமல், உலர்புல் வாங்கும் இடத்தை மாற்றிவிடுங்கள்.