புதுப்பிப்பு: யாங்கோன் மாலை வேதபாட வகுப்பு – படித்தது மனதில் நிற்க எது உதவியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் தமிழ்ச் சபையின் ஊழியப் பயிற்சி வகுப்பில், வேலை முடிந்து வரும் பெரியவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் அடுத்த வாரம் மறந்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, "புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: 5 நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்துகிறார்கள்.

சந்தையில் பருப்புக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் காணாமற்போன ஆடு, காசு, மகன் பற்றி இயேசு சொன்ன கதைகள் வரும் லூக்கா 15-ஐ வாசித்துவிட்டு மூடினார். ஆடு, காசு, இளைய மகன் வரை நினைவுக்கு வந்தது. மூத்த மகன் வரவில்லை. திறந்து பார்த்து அந்த இடத்தைத் தானே அடிக்கோடிட்டார். அடுத்த வாரம் மூத்த மகனிலிருந்தே தொடங்கினார்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எதிர்பாராதது ஒன்று: பள்ளியில் பர்மிய மொழியில் படித்தவர்கள் முதலில் பர்மியத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழில் சொன்னபோது தயக்கம் போய்விட்டது.

பக்கத்தைப் பிரித்து இடப்பக்கம் கேள்வியும் வலப்பக்கம் குறிப்பும் எழுதும் கார்னெல் முறை, எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சரிவரவில்லை. இடப்பக்கக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒலிப்பதிவு யோசனை மின்வெட்டால் நின்றது.

இப்போது வகுப்பு தொடங்கும்போதே போன வாரப் பாடம், புத்தகம் மூடியபடி. மாதக் கடைசியில் பழைய பாடம் ஒன்று. மதிப்பெண் கிடையாது, போட்டால் வயதில் மூத்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.