வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இணையவழியில் பதிவு செய்ய மட்டக்களப்பில் வழியுண்டா?

கல்லடிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லடியில் உள்ள எங்கள் வீட்டை வருகிற மாதம் முதல் இரண்டு வருடங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க இணங்கியிருக்கிறோம். வருபவர் அம்பாறையிலிருந்து இடமாற்றம் பெற்று வரும் வங்கி உத்தியோகத்தர். மாத வாடகை 35,000 ரூபா என்றும் ஆறு மாத வாடகை முற்பணம் என்றும் பேசி முடித்தாயிற்று. எழுத்து வேலை மட்டுமே மீதமிருக்கிறது.

சென்னையில் வசிக்கும் என் மைத்துனர் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பதினொரு மாதத்துக்கு எழுதி, முடியும்போது புதுப்பித்துக்கொண்டால் போதும் என்கிறார். அங்கே வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் அரசாங்க இணையத்தளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றி, வீட்டிலிருந்தபடியே பதிவிலக்கம் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறார்களாம். இங்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் தளத்தில் தேடினேன். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளுக்கு விண்ணப்பிக்கும் வழிதான் கண்ணில் பட்டது.

ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாகவே இருக்கவேண்டும் என்று வாடகைக்கு வருபவர் வற்புறுத்துகிறார். மகளை நகரப் பாடசாலை ஒன்றில் முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கு அது உதவும் என்பது அவருடைய எண்ணம். வீடு என் மனைவிக்குச் சீதனமாக மாமியார் எழுதிக் கொடுத்தது. வாடகை விடயங்களைக் கவனிப்பவன் நான். ஆகவே கையொப்பத்தையும் நானே இட்டுவிடலாமா என்பதையும், மொத்தமாக என்ன செலவாகும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாவிக்கரை

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்து, அடையாள அட்டைப் பிரதிகளை இணைத்து வைத்துக்கொள்கிறார்கள். நானும் பல வருடங்களாக அப்படித்தான் கொடுத்து வருகிறேன். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. வருகிறவர் நல்ல மனிதரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

பழைய எழுதுவினைஞர்

நான் காணிப் பதிவு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாவிக்கரை ஐயா சொல்வது பிரச்சினை வராதவரை சரி. ஆனால் பிரச்சினை வரும் நாளுக்காகத்தானே ஒப்பந்தம் எழுதுகிறோம்?

கேள்விக்கு நேரடியான பதில்: இலங்கையில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்காரரோ வாடகைக்கு வருபவரோ தாமாகவே இணையத்தில் ஏற்றிப் பதிவு செய்யும் முறை இல்லை. காரணம் வெறும் தொழினுட்பப் பின்தங்கல் அன்று, சட்டமே வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அசையாச் சொத்தில் உரித்தை உண்டாக்கும் எந்த உடன்படிக்கையும் எழுத்தில் இருக்கவேண்டும், பிரசித்த நொத்தாரிசு (ஆவணங்களைச் சான்றுபடுத்த அதிகாரம் பெற்றவர்) ஒருவர் முன்னும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னும் கையொப்பமிடப்பட்டிருக்கவேண்டும், இல்லையேல் அதற்குச் சட்டத்தில் வலுவில்லை என்கிறது. இதற்கு விதிவிலக்காக விடப்பட்டவை விருப்பம்வரைக்குமான குத்தகையும் (காலம் குறிக்காமல், தரப்பினர் விரும்பும்வரை தொடர்வது) ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகையும்தான். ஒரு மாதம் என்பதைக் கவனியுங்கள், பதினொரு மாதம் அன்று.

பதினொரு மாதக் கணக்கு இந்தியாவினுடையது. அங்கே 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்று சொல்வதால், அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க மக்கள் பதினொரு மாதத்துக்கு எழுதும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை அதிகார சபையிடம் ஒப்பந்தத்தை இணையவழி பதிவு செய்ய ஏற்பாடு செய்தது. உங்கள் மைத்துனர் சொல்வது அதைத்தான். அவர் சொன்னதில் பிழை எதுவுமில்லை, ஆனால் அந்தச் சட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டி வராது. நமது ஊரில் இணையத்திலிருந்து இறக்கிய அந்த மாதிரியைப் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இங்கே அப்படி எழுதப்பட்ட பதினொரு மாத ஒப்பந்தமும் நொத்தாரிசு இல்லாவிட்டால் குத்தகையாக நிற்காது. வாடகையைக் கொடுத்து வாங்கியிருப்பதால் மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகை உறவு ஒன்றை நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் இரண்டு வருடம் இருக்கலாம் என்று அவர் நம்புவதற்கும், இரண்டு வருடம் முடிந்ததும் வீட்டை ஒப்படைக்கவேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கும் அந்தத் தாள் ஆதாரமாகாது.

கைத்தொலைபேசியில் கையொப்பமிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அதன் 23ஆம் பிரிவில் சில ஆவணங்களைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. மரண சாசனமும் அற்றோணித் தத்துவமும் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அசையாச் சொத்தின் விற்பனை அல்லது அதிலுள்ள உரித்தைக் கைமாற்றும் ஒப்பந்தமும் அவற்றுள் அடங்கும். ஆகவே நேரில் சென்று பேனாவால் கையொப்பமிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அக்கரைப்பற்று ஆசிரியை

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. இதே விடயத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். அம்பாறை மாவட்டத்தில் என் தந்தையின் வீடு குடியேற்றத் திட்டக் காணியில் இருக்கிறது. அவரிடம் இருப்பது உறுதி எனப்படும் சொத்துரிமைப் பத்திரம் அன்று, அரசு வழங்கிய அனுமதிப்பத்திரம். அதையும் நொத்தாரிசிடம் கொண்டுபோய்க் குத்தகை எழுதலாமா?

பழைய எழுதுவினைஞர்

அனுமதிப்பத்திரக் காணி என்றால் முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகம், சகோதரி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை உரிய அனுமதி இன்றித் தனியார் ஒருவருக்குக் கைமாற்ற முடியாது. அனுமதி இல்லாமல் எழுதினால் எழுதியது செல்லாமற் போவதோடு, அனுமதிப்பத்திரமே கேள்விக்குள்ளாகலாம். கல்லோயாத் திட்டம் தொடங்கி இந்த மாவட்டத்தில் இத்தகைய காணிகள் ஏராளம். ஆகவே வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் முற்பணம் கொடுக்கும் முன் இது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மட்டுநகர் நொத்தாரிசு

மேலே எழுதியவர் அடித்தளத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். தொழில் செய்கிறவன் என்ற முறையில் மிச்சத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, யார் கையொப்பமிடுவது என்பது. வீடு உங்கள் மனைவியின் பெயரில் இருந்தால் குத்தகை கொடுப்பவர் அவர்தான். கணவர் என்ற உரிமையில் நீங்கள் இடும் கையொப்பம் பயன்படாது. நமது மாவட்டத்தில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண் பிள்ளைக்கே எழுதப்படுவது வழக்கம். பேச்சுவார்த்தைக்கு வருபவர் பெரும்பாலும் கணவர். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ ஒப்பந்தங்கள் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, மாமியார் எழுதிக் கொடுத்த உறுதியை எடுத்து முழுவதும் வாசியுங்கள். சீதன உறுதிகளிலும் நன்கொடை உறுதிகளிலும் எழுதிக் கொடுப்பவர் தமது சீவிய உரித்தை ஒதுக்கி வைத்திருப்பது சாதாரணம். அப்படி ஒரு வாசகம் இருந்து மாமியாரும் உயிரோடு இருந்தால், வீட்டை அனுபவிக்கும் உரிமை இன்னும் அவரிடமே இருக்கிறது. குத்தகை உறுதியில் அவரும் சேர்ந்து கையொப்பமிடவேண்டும்.

இரண்டாவது, சான்றுறுதியும் (நொத்தாரிசு முன் கையொப்பமிட்டு நிறைவேற்றுவது) பதிவும் ஒன்றல்ல. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் முந்திய மாதத்தில் தாம் நிறைவேற்றிய உறுதிகளின் பட்டியலையும் அவற்றின் இரட்டைப் பிரதிகளையும் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். அப்படி அனுப்பியதும் உறுதி பதிவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது நொத்தாரிசுகளுக்கு விதிக்கப்பட்ட கடமை மட்டுமே. பதிவு என்பது மூல உறுதியைக் காணிப் பதிவகத்தில் சமர்ப்பித்து, அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் பதிவிப்பது. உங்கள் வாடகைக்காரர் கேட்பது இதைத்தான், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத உறுதி ஒன்று, பின்னர் பெறுமதி கொடுத்துப் பெறப்பட்டு முந்திப் பதிவு செய்யப்பட்ட எதிர் உறுதி ஒன்றின் முன்னால் வலுவிழக்கும். இடையில் நீங்கள் வீட்டை விற்றாலோ ஈடு வைத்தாலோ அவருக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தப் பதிவுதான்.

உங்களுக்கும் இதில் நன்மை உண்டு. குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்காக 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடைமுறை ஒன்றைத் தந்திருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட குத்தகை உறுதி கையில் இருப்பவருக்கே அந்த வழி பயன்படும். வீட்டு மேசையில் எழுதிய தாளோடு அதை நாட எண்ணவேண்டாம்.

செலவு: குத்தகைக்கான முத்திரைத் தீர்வை முழுக் காலத்துக்குமான வாடகையின் கூட்டுத்தொகை மீது கணிக்கப்படும். 2025 ஏப்பிரல் 1 முதல் அது ஆயிரம் ரூபாவுக்கு 20 ரூபா. அதற்கு முன்னர் 10 ரூபாவாக இருந்தது. உங்கள் கணக்கில் 35,000 ரூபாவை 24 மாதத்தால் பெருக்கினால் 840,000 ரூபா, அதற்குத் தீர்வை 16,800 ரூபா. இதோடு நொத்தாரிசின் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேரும். தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் வாடகையைக் குறைத்துக் காட்டும்படி சிலர் கேட்கிறார்கள். பிறகு வாடகைப் பாக்கிக்கு வழக்கு வைக்கும்போது உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் எதையும் நிரூபிக்க முடியாமல் நிற்பவர்களும் அவர்களே.

வரும்போது மனைவியின் உறுதியையும் அடையாள அட்டைகளையும் மாநகர சபைக்குக் கட்டிய ஆதனவரிப் பற்றுச்சீட்டையும் கடைசி மின்பட்டியலையும் நீர்ப்பட்டியலையும் கொண்டு வாருங்கள். வாடகைக்கு வருகிற நாளன்று மின்மானியிலும் நீர்மானியிலும் உள்ள அளவுகளை உறுதியின் அட்டவணையில் எழுதிவிடுவது என் வழக்கம். பின்னால் எழும் சச்சரவுகளில் பாதி இதைச் சுற்றியே வருகின்றன. முற்பணம் எந்த நிபந்தனையில், எத்தனை நாட்களுக்குள் திரும்பக் கொடுக்கப்படும் என்பதையும் மழுப்பாமல் எழுதச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து ஆரையம்பதியான்

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்காக ஒரு குறிப்பு. வீடு என் பெயரில் இருப்பதால், இங்குள்ள இலங்கைத் தூதரகப் பணிமனையில் அற்றோணித் தத்துவம் ஒன்றைச் சான்றுபடுத்தி ஊரில் உள்ள தம்பிக்கு அனுப்பினேன். அது இலங்கையில் பதிவு செய்யப்பட்ட பின்னரே நொத்தாரிசு அதை ஏற்றுக்கொண்டார். வட்சப்பில் அனுப்பிய சம்மதக் கடிதத்தை எவரும் ஏற்கவில்லை. தத்துவப் பத்திரத்தில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கவேண்டும். பொதுவாக வீட்டைப் பராமரிக்க என்று எழுதினால் போதாது.

அக்கரைப்பற்று ஆசிரியை

பாடசாலை அனுமதி பற்றி எவரும் சொல்லாததால் எழுதுகிறேன். கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையைப் பார்த்தால், வதிவிடப் பிரிவில் கணிசமான புள்ளிகள் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் தொடர்ந்து பதிவாகியிருந்த ஆண்டுகளுக்குப் போவது தெரியும். இந்த வருடம் எழுதி அடுத்த வருடம் காட்டும் குத்தகை உறுதி ஓர் ஆவணமாக உதவலாமே தவிர, அதுவே பிள்ளைக்கு இடம் பெற்றுத் தந்துவிடாது. உங்கள் வாடகைக்காரர் அரச அல்லது வங்கி இடமாற்றத்தில் வருபவர் என்பதால் இடமாற்றப் பிரிவின் நிபந்தனைகளையும் அதே சுற்றறிக்கையில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லடிவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. உறுதியை எடுத்துப் பார்த்தேன். நொத்தாரிசு ஐயா சொன்னபடியே மாமியாரின் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வருகிற வாரம் நொத்தாரிசிடம் போகிறோம். பாடசாலை விடயத்தையும் வாடகைக்கு வருபவரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் பதிவு வேண்டும் என்றே நிற்கிறார், எனக்கும் அதில் ஆட்சேபமில்லை. கடைசியாக ஒன்று: அந்த 16,800 ரூபாவை யார் கட்டுவது?

மட்டுநகர் நொத்தாரிசு

இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் பாதி பாதியாகப் பகிர்கிறார்கள். பதிவு வேண்டும் என்று கேட்ட தரப்பே முழுவதையும் ஏற்பதும் உண்டு. எதைத் தீர்மானித்தாலும் கையொப்பமிடும் முன் தீர்மானித்து, அதையும் ஒரு நிபந்தனையாக உறுதியில் எழுதிவிடுங்கள். மாமியார் வயதானவர் என்றால் படியேற வைக்கவேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் சாட்சிகளுடன் வீட்டுக்கே வந்து கையொப்பம் பெறும் நொத்தாரிசுகள் நகரில் இருக்கிறார்கள்.