பைத்தான்: 4200 வர வேண்டிய இடத்தில் 700700700700700700 வருகிறது, ஏன்?

குடியாத்தம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்திருக்கிறேன். அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. அதில் பைத்தான் 3.8தான் ஏறியது. 'வணக்கம்' அச்சிட வைத்தாச்சு. அப்புறம் வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒன்று எழுதலாம் என்று அம்மாவின் பீடிக் கணக்கை எடுத்தேன். அம்மா ஒரு நாளைக்கு 700 பீடி சுற்றுவார், வாரத்துக்கு 6 நாள். ஒரு நாள் பீடி எண்ணிக்கையை இன்புட் போட்டு வாங்கி, 6ஆல் பெருக்கி, பிரிண்ட் செய்யச் சொன்னேன். எரர் எதுவும் காட்டவில்லை. ஆனால் விடை தலைப்பில் இருப்பதுதான். பெருக்கல் குறியை எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. இது சரியானால் கூலி வரைக்கும் கொண்டுபோக ஆசை.

காட்பாடிக்காரன்:
தங்கச்சி, குறியில் தப்பில்லை. இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் கையில் கொடுக்கும். நீ தட்டிய 700 அதற்கு 7, 0, 0 என்ற மூன்று எழுத்து, அவ்வளவுதான். எழுத்தை 6ஆல் பெருக்கினால் பைத்தான் அதை ஆறு முறை அடுத்தடுத்து ஒட்டி வைக்கும். அது அனுமதிக்கப்பட்ட வேலை என்பதால்தான் எரர் வரவில்லை. இன்புட்டை அப்படியே இன்ட் என்பதன் அடைப்புக்குறிக்குள் போடு, எண்ணாகிவிடும். கூலியில் பைசா வந்தால் அதற்கு மட்டும் இன்ட்டுக்குப் பதில் ஃப்ளோட், அது புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும்.

இன்னொன்று, பைத்தான் 2 காலத்துப் பாடம் எதையாவது பார்த்துப் படிக்கிறாயா? அதில் இன்புட் எண்ணாகவே தரும். 3இல் மாற்றிவிட்டார்கள். பாடத்தில் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் அதை ஓரம் வை.

வாலாஜா_டீச்சர்:
மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கிற இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைம்மா. நாள்_பீடி, வாரம், கூலி என்று எழுதினால் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவில் இடம் விடக்கூடாது, அடிக்கோடு போடணும். நோட்பேடில் எழுதினால் சேமிக்கும்போது தமிழ் எழுத்து கெடாமல் இருக்க யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடு. அம்மாவை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டு. கணக்கில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

குடியாத்தம்_பொண்ணு:
4200 வந்துவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே ஆனது. சரியில்லை என்று தள்ளிவிடுகிற பீடியை எங்கே கழித்தாய் என்று அம்மா கேட்டார். இப்போது அதற்கும் ஒரு இன்புட் வைத்துவிட்டேன். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். ஆயிரத்தால் வகுக்க ஒரு சாய்கோடா, இரண்டா? இரண்டு விதமாகவும் பார்த்தேன்.

காட்பாடிக்காரன்:
ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் மீதியை விட்டுவிட்டு முழு எண் மட்டும் தரும். 4200க்கு 4 என்று வரும், மிச்சம் 200 பீடியின் கூலி கணக்கிலேயே ஏறாது. ஒன்று போட்டால் 4.2, அதைக் கூலியால் பெருக்கு. முதல் வாரம் நோட்டிலும் கையால் போட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடு.