முகாம் ட்ரெயிலரின் கூரையில் கசிவு: மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி (கல்லடி):
வணக்கம். காரின் பின்னால் கொளுவி இழுக்கும் சிறிய ட்ரெயிலரில், கூரையும் சுவரும் சேரும் மூலையால் நீர் கசிகிறது. உட்பக்கப் பிளைவுட் கறுத்து, விரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. மேலே சிலிக்கன் பூசினால் போதுமா?

பதில் (அக்கரைப்பற்று):
போதாது, தம்பி. பழைய சிலிக்கனின் மேல் புதியது சரியாக ஒட்டாது என்பதால், மூலையிலுள்ள அலுமினியப் பட்டியைக் கழற்றி, பழையதை முற்றாகச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, அடியில் பியூட்டைல் நாடா (நீர் புகாத, பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுநாடா) வைத்துப் பட்டியை மீண்டும் இறுக்குங்கள். உக்கிய பலகையை வெட்டி அகற்றி, மரச்சட்டம் நன்றாகக் காய்ந்த பின்னரே புதியதைப் பொருத்துங்கள். ஈரத்தோடு மூடினால் உக்கல் உள்ளே பரவும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

பதில் (பாசிக்குடா):
அண்ணன் சொன்னது சரி. கடற்கரையில் நிறுத்துவதாயின் சில்லையும் கவனியுங்கள். ஜாக்கியில் உயர்த்திச் சுழற்றும்போது கரகரத்தால், பெயாரிங்கை (சில்லு இலகுவாகச் சுழல உதவும், உருளைகள் கொண்ட வளையம்) கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். உருளைகளில் குழி விழுந்திருந்தால் கிறீஸ் அடைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும்.